பைக் கார்புரேட்டரை வீட்டிலேயே சரிபார்த்து டியூன் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை விட்டபின் எஞ்சின் தானாக ஓடுவது) நிலைக்கவில்லை, வண்டி மிஸ் ஆகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது என்றதும் பலருக்கும் கை நேராகக் கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். அந்த ஸ்க்ரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். கோளாறு எங்கே என்று தெரியாமல் அதைத் திருப்பினால், பழைய கோளாறு அப்படியே இருக்க, அதன்மேல் புதிதாக ஒன்றைச் சேர்த்ததாகிவிடும். கார்புரேட்டர் வேலையில் முக்கால்வாசி, கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான். கண்டுபிடித்துவிட்டால் கை வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு நம் நாட்டில் புதிய பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் அதற்கு முன் வந்த ஸ்ப்ளெண்டர், பேஷன், பல்சர், யூனிகார்ன், புல்லட், ஆர்எக்ஸ் 100 எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த வழிகாட்டி ஸ்ப்ளெண்டர் மாதிரியான 100 சிசி வண்டியின் ஸ்லைடு கார்புரேட்டரை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற வண்டிகளில் எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க சுமார் 9,000 லிட்டர் காற்று எஞ்சினுக்குள் போக வேண்டும். இந்தக் காற்றின் அளவுக்கு ஏற்பப் பெட்ரோலைக் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. பெட்ரோல் கூடினால் மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள், குறைந்தால் ‘லீன்’.

எஞ்சின் காற்றை இழுக்கும்போது அது கார்புரேட்டரின் குறுகலான கழுத்து வழியாக வேகமாகப் போகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைவதால், கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், ஜெட் என்ற நுண்துளையுள்ள பித்தளைத் திருகு வழியாக மேலே ஏறிக் காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க ஒரு ஃப்ளோட்டும் (மிதவை), அது தூக்கி மூடும் ஒரு சின்ன ஊசி வால்வும் இருக்கின்றன.

வீட்டில் வேலை செய்பவருக்கு இதில் மிகவும் உதவும் விஷயம் ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, கார்புரேட்டரின் வெவ்வேறு பகுதி வேலை செய்கிறது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை, சின்னத் துளையுள்ள பைலட் ஜெட்டும் கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை, ஆக்சிலரேட்டர் கேபிள் தூக்கி இறக்கும் கதவான ஸ்லைடின் அடியில் உள்ள சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் நீண்ட ஊசியான நீடில். முக்காலுக்கு மேல் முழுவதும், பெரிய துளையுள்ள மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்திருக்கும் என்றாலும் இந்தக் கணக்கு நம்பத்தக்கது.

எனவே முதல் வேலை இதுதான். ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப், பக்கத்தில் அசையாமல் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியில் ஒரு துண்டு. ஸ்விட்ச் பெட்டி டேப்பில் ஒரே ஒரு கோடு. பிடியின் டேப்பில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் ஐந்து கோடுகள். வண்டியைக் காலியான சாலையில் ஓட்டி, எந்தக் கோட்டருகே திணறுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் மட்டும் தொல்லை என்றால் மெயின் ஜெட்டைக் கழற்றுவதில் பயனே இல்லை. முழு வேகத்தில் மட்டும் அடைத்தால் மிக்ஸர் ஸ்க்ரூ அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். வாசலில், திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். சிகரெட், விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம். மாடிப்படி அடியில் இன்வெர்ட்டர் இருக்கும் இடமும் வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள். ஒரு வாளி மணல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டு டியூன் செய்யாதீர்கள்; கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி கட்டாயம். ஒரு துவாரத்தில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துவாரத்திலிருந்து நேராக முகத்துக்கு வரும்.

கார்புரேட்டரைத் தொடும் முன்

கார்புரேட்டர்மேல் விழும் பழிகளில் நிறைய, வேறு பாகங்கள் செய்த குற்றம். கீழே உள்ளவற்றை முதலில் முடித்துவிடுங்கள். இவற்றில் பலவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, காய்ந்ததும் எஞ்சின் ஆயில் கொஞ்சம் தடவிப் பிழிந்து மாட்டலாம். காகித வகை என்றால் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து பெட்ரோல் வரத்து. கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பை ஆன் செய்யுங்கள். தடையில்லாமல் ஒழுக வேண்டும். ரிசர்விலும் அதேபோல் பாருங்கள். முதலில் நன்றாக வந்து போகப்போக மெலிந்தால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய் மீண்டும் வேகமாக ஒழுகினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடி நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தத் துளையைத்தான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அது எஞ்சினுக்குள் நடப்பதை அப்படியே சொல்லும். முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரிப்பொடி படிந்து மேட் கறுப்பாக இருந்தால் ரிச். வெள்ளை வெளேரென்று வெந்தது போல் இருந்தால் லீன். பளபளவென்று ஈரமான கறுப்பாக இருந்து விரலில் எண்ணெய் ஒட்டினால் அது எஞ்சின் ஆயில். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது, கார்புரேட்டரால் அதைச் சரிசெய்ய முடியாது. பிளக் முனையின் இடைவெளி (கேப்) பெரும்பாலான வண்டிகளில் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர்; உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள்.

ஆக்சிலரேட்டர் கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். ஐடிலிங்கில் வைத்து ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி என்று திருப்புங்கள். எஞ்சின் வேகம் மாறினால் கேபிள் இறுகியிருக்கிறது அல்லது தவறான வழியில் ஓடுகிறது. சோக் லீவர் முழுதாக ஆஃப் ஆகிறதா என்றும் பாருங்கள். பாதியில் மாட்டிக்கொண்ட சோக் கேபிள் மைலேஜை அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

கடைசியாகக் காற்றுக் கசிவு. கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் உள்ள இன்சுலேட்டர், ரப்பர், ஓ-ரிங் இவை வெடித்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து அந்த மூட்டைச் சுற்றி அடியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி தவறாக இருந்தாலும் ஐடிலிங் நிலைக்காது. ஆறிய எஞ்சினில் அதைச் சரிபார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

ரிச்சா, லீனா: கருவி இல்லாமல் கண்டுபிடிப்பது

மேலே சொன்னது எல்லாம் சரி, இன்னும் தொல்லை போகவில்லை என்றால் இப்போது கலவையைப் பார்க்கலாம். சூடான எஞ்சினில் தொல்லை தெரியும்போது சோக்கைக் கொஞ்சம் போடுங்கள். ஓட்டம் தெளிந்தால் கலவை லீன், ஏனென்றால் சோக் தருவது கூடுதல் பெட்ரோல். இன்னும் மோசமானால் ரிச். ரிச் என்ற சந்தேகத்தை ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடவிட்டு உறுதிப்படுத்தலாம். அப்போது தெளிந்தால் ரிச்தான். ஃபில்டர் இல்லாமல் சாலையில் ஓட்டிவிடாதீர்கள், தூசி சிலிண்டரை அரித்துவிடும்.

வேறு அடையாளங்களும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்து வெகுநேரம் சோக் எடுக்க முடியவில்லை, ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கிறது, எஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) மெதுவாகத்தான் இறங்குகிறது, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகிறது என்றால் லீன் பக்கம். கரும்புகை, பெட்ரோல் வாடை, சூடானதும் மந்தமாகி இழுவை குறைவது, மைலேஜ் சரிவது எல்லாம் ரிச் பக்கம்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழுக்குப் போகும்போது அந்தச் சீட்டைக் கவனமாகப் படியுங்கள். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அது கூடக்கூட கலவை ரிச். கார்பன் மோனாக்ஸைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் அதிகமாக இருந்தால், பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. அளவுக்கு மீறிய லீன் அல்லது பிளக் கோளாறு. டியூன் செய்வதற்கு முன்னும் பின்னும் இந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடத் தெளிவான அளவுகோல் வீட்டில் கிடைக்காது.

ஓவர்ஃப்ளோ

வண்டியை நிறுத்தினால் கார்புரேட்டர் அடியிலுள்ள சின்னக் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது என்றால் ஊசி வால்வு மூடவில்லை. உடனே டேப்பை மூடுங்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்ல இரண்டு மூன்று தட்டு. சிக்கிய ஃப்ளோட் பல சமயம் இதிலேயே விடுபடும். நிற்காவிட்டால் கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேப்பை ஆன் செய்து கொஞ்சம் பெட்ரோலை ஓடவிடுங்கள். ஊசியின் இருக்கையில் மாட்டிய தூசி இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். வரும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளுகிறதா, துருத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். துரு வந்தால் டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது வீண் உழைப்பு.

அதற்கும் நிற்கவில்லை என்றால் ஊசியின் ரப்பர் முனை தேய்ந்திருக்கும். கழற்றி நகத்தால் தடவிப் பார்த்தால் முனையைச் சுற்றி ஒரு வளையம் பதிந்திருப்பது தட்டுப்படும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ‘களக்’ என்றால் ஓட்டை, புதியது வாங்குங்கள்.

முக்கியமான ஒன்று: இரவு முழுவதும் ஓவர்ஃப்ளோ ஆன வண்டியை அப்படியே கிக் செய்யாதீர்கள். பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால், அல்லது ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால், ஆயிலை மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங்கும் சிலிண்டரும் தேயும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஆயில் விலை ஒன்றுமே இல்லை.

கழற்றிச் சுத்தம் செய்வது

தேவைப்படுவது: 10 எம்.எம். ஸ்பேனர், நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஜெட் தலைக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூடிரைவர், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, ஒரு வெள்ளைத் தட்டு, பஞ்சு பிரியாத பழைய பனியன் துணி. ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜெட்டுகள் பித்தளை. ஒல்லியான ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகினால் தலைக்காடி நசுங்கும், பிறகு அந்த ஜெட்டை வெளியே எடுக்கவே லேத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டே போங்கள். டேப்பை மூடி, குழாயைக் கழற்றி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடியுங்கள். மேல் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங், ஸ்லைடு, நீடில் மூன்றும் கேபிளோடு ஒன்றாக வெளியே வரும். அதைச் சுத்தமான துணியில் சுற்றித் தொங்கவிடுங்கள். நீடில் வளைந்தால் அவ்வளவுதான். பிறகு ஃபில்டர் பக்கக் கிளாம்ப், எஞ்சின் பக்கப் போல்ட்டுகள். கார்புரேட்டர் கைக்கு வந்ததும், எஞ்சின் வாயை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். அந்த வழியாக ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

வெளிப்புற அழுக்கை முதலில் துடைத்துவிட்டுக் கிண்ணத்தைப் பிரியுங்கள். பேக்கிங் ரப்பர் கிண்ணத்தின் பள்ளத்திலிருந்து நழுவி வரும், பத்திரம். ஃப்ளோட்டின் குறுக்குப் பின்னை மெல்லத் தள்ளினால் ஃப்ளோட்டும் ஊசியும் கழன்று வரும். நடுவில் பெரிதாக இருப்பது மெயின் ஜெட். பக்கத்தில் குழிக்குள் ஒளிந்திருப்பது பைலட் ஜெட்.

மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் போய் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றே முக்கால், இரண்டே கால் என்று கால் சுற்றுக் கணக்கில் எழுதுங்கள். பின்னால் எது சொதப்பினாலும் திரும்பி வர இந்த எண் வேண்டும். முட்டிய பிறகு இறுக்காதீர்கள், கூர்மையான முனை நசுங்கிவிடும். ஸ்க்ரூவோடு ஒரு குட்டி ஸ்பிரிங், சிலவற்றில் வாஷரும் ஓ-ரிங்கும் வரும். ஓ-ரிங் பல சமயம் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் ஸ்ப்ரே அடித்தால் ஊதிப்போகும்.

ஜெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பைலட் ஜெட்டின் துளை மிகமிகச் சிறியது. கெட்டுப்போன பெட்ரோல் அதில் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய படலமாகக் காய்ந்திருக்கும். பார்ப்பதற்கு வெளிச்சம் வருவதுபோல்தான் இருக்கும், ஆனால் அந்த வெளிச்சம் வட்டமாக இராது. துளை கச்சிதமான வட்டமாகத் தெரியும்வரை விடாதீர்கள். கிளீனரில் நனைத்து ஊறவிட்டு, மீன்பிடி நைலான் நரம்பின் ஒரு இழையை விட்டு எடுக்கலாம். கம்பி, குண்டூசி, தையல் ஊசி எதுவும் வேண்டாம். துளையில் ஒரு கீறல் விழுந்தாலும் ஜெட்டின் அளவு மாறிவிடும்.

ரப்பர் பாகங்களை எல்லாம் எடுத்த பிறகு, உடலில் உள்ள ஒவ்வொரு துவாரத்திலும் ஸ்ப்ரே அடித்து, எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். எஞ்சின் பக்கக் கழுத்தில், ஸ்லைடுக்கு அருகே ஒன்றிரண்டு ஊசித் துளைகள் இருக்கும். பைலட் பாதை திறக்கும் இடம் அது. அங்கே ஸ்ப்ரே பீய்ச்சி வந்தால்தான் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. ஃப்ளோட்டை உள்ளே வைத்துக்கொண்டு காற்றடிக்கக் கூடாது.

யூனிகார்ன் போன்ற வண்டிகளில் இருப்பது சிவி வகை, அதாவது ஸ்லைடைக் கேபிளுக்குப் பதில் எஞ்சின் இழுக்கும் காற்றே தூக்கும் வகை. அதன் மேல் மூடிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அதை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி வேகம் எடுக்காததற்கு இந்தக் குண்டூசி ஓட்டை போதும். டயாஃப்ரத்தின்மேல் கார்ப் கிளீனர் ஒரு துளி பட்டாலும் ரப்பர் உப்பிவிடும். மாட்டும்போது அதன் விளிம்பு பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஜெட்டுகளை விரலால் முதல் சில சுற்றுகள் திருகி, பிறகு லேசாக இறுக்கினால் போதும். ஸ்லைடில் ஒரு பக்கம் நீண்ட காடி இருக்கும், அது உடலில் உள்ள முளையில் பொருந்த வேண்டும். சாய்வு வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு முழுதாக இறங்காது, ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் அலறும். எனவே கிக் செய்யும் முன் ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். ‘டக்’ என்று ஸ்லைடு கீழே போய் உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

டேப்பை ஆன் செய்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். எங்கும் கசியவில்லை என்றால் டியூனிங்குக்குத் தயார்.

ஐடிலிங் டியூனிங்

இரண்டு ஸ்க்ரூ உண்டு. ஸ்லைடைத் தூக்கி இறக்குவது ஐடிலிங் ஸ்க்ரூ, வேகத்தை மட்டும் மாற்றும். மற்றது கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூ. இதில்தான் குழப்பம் வரும், ஏனென்றால் இதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் காற்று குறைந்து ரிச் ஆகும். எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் லீன் ஆகும். ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது முதல் வகை. யூனிகார்ன் போன்ற சிவி வகைகளில் பொதுவாக இரண்டாவது. உங்கள் வண்டியில் எது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

1. நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். சோக் ஆஃப்.

2. எஞ்சின் நின்றுவிடாதபடி ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவையுங்கள்.

3. மிக்ஸர் ஸ்க்ரூவை முட்டும்வரை மெல்ல உள்ளே விட்டு, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

4. ஒரு பக்கமாகக் கால் சுற்று திருப்பி, பத்து விநாடி சும்மா இருந்து கேளுங்கள். எஞ்சின் வேகம் ஏறினால் அதே பக்கம் இன்னொரு கால் சுற்று. ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபக்கமும் அதேபோல் இறங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். எஞ்சின் அங்கேதான் வேகமாகவும் சீராகவும் ஓடும்.

5. இப்போது ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கி உரிய வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். 100 சிசி வண்டிகளுக்கு 1,400 ஆர்பிஎம் ஒட்டி, புல்லட்டுக்கு 1,000 ஒட்டி. ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியில், ஹெட்லைட்டைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் விட்டுப் பாருங்கள். தடுமாறாமல் ஓடினால் போதுமான வேகம்.

6. வேகம் இறங்கியதும் கலவை இலேசாக மாறியிருக்கும். 4-ஆம் படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

அப்புறம் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திறந்து விடுங்கள். திறந்த கணத்தில் ‘ம்ப்’ என்று அடைத்துப் பிறகு ஏறினால் லீன். விட்ட பிறகு ஐடிலிங்கைவிடக் கீழே இறங்கித் தத்தளித்துப் பிறகு நிலைக்கு வந்தால் ரிச். எட்டில் ஒரு சுற்று அளவில் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

ஸ்க்ரூ கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்பதும் ஒரு தகவல். காற்று ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால்தான் வண்டி சரியாக ஓடுகிறது என்றால், பைலட் ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது. மூன்று சுற்றைத் தாண்டியும் திறக்க வேண்டியிருந்தால், எங்கிருந்தோ கூடுதல் பெட்ரோல் வருகிறது. கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தையோ சோக்கையோ பாருங்கள். எஞ்சின் பக்க ஸ்க்ரூவுக்கு இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சினில் மாற்றமே இல்லை என்றால் பைலட் பாதை அடைப்பு நீங்கவில்லை. மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

நீடிலும் மெயின் ஜெட்டும்

கம்பெனி வைத்த ஃபில்டர், சைலன்சரோடு ஓடும் வண்டியில் ஜெட் அளவை மாற்றத் தேவையே வராது. சைலன்சரை மாற்றியவர்களும் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தவர்களும்தான் இதில் இறங்க வேண்டியிருக்கும். ஜெட்டில் பொறித்த எண் பெரிதானால் துளை பெரிது, கலவை ரிச். ஒரு தடவைக்கு ஒரு அளவு மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

நீடிலின் மேல்பக்கம் ஐந்து காடிகளும் ஒரு கிளிப்பும் இருந்தால் நடுப்பகுதியை மாற்றலாம். கிளிப்பைக் கீழ்க்காடிக்குக் கொண்டுபோனால் நீடில் மேலே ஏறும், ரிச் ஆகும். மேல்காடிக்குப் போனால் லீன். ஒரே காடி உள்ள நீடில்களில் இந்த வழி கிடையாது.

ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் லீன் பக்கம் போகவே கூடாது. அதில் சிலிண்டருக்கான எண்ணெய், உள்ளே போகும் கலவையோடு சேர்ந்துதான் போகிறது. மைலேஜுக்காகக் கலவையைக் குறைத்தால் பிஸ்டன் சூடாகி ஜாம் ஆகும். ஓடும்போது நடந்தால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

மலையும் மழையும்

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த வண்டி குன்னூர் தாண்டி மந்தமானால் அது கோளாறு அல்ல. அதே ஜெட், குறைந்த காற்று, கலவை ரிச் ஆகிவிட்டது. கொடைக்கானலிலும் இதேதான். இரண்டு நாள் பயணத்துக்காக ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், இறங்கினால் சரியாகிவிடும். மலையிலேயே குடியிருப்பவர்கள் அங்கேயே டியூன் செய்துகொள்வது நல்லது. அந்த வண்டியைச் சமவெளிக்குக் கொண்டுவரும்போது லீன் ஆகும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை கிண்ணத்தை டிரெயின் ஸ்க்ரூ வழியாக வடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளின் ஓ-ரிங், பேக்கிங், பெட்ரோல் குழாய் இவை எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. உப்பியோ வெடித்தோ போனால் புதியதை மாற்றுங்கள்.

ஒரு மாதத்துக்குமேல் வண்டியை நிறுத்தப்போகிறீர்கள் என்றால், டேப்பை மூடி, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மிச்சத்தை டிரெயின் ஸ்க்ரூ வழியாக வடித்துவிடுங்கள். பைலட் ஜெட் அடைக்க இடமே இராது.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால்

ஸ்லைடை உடலுக்குள் வைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், அல்லது அதன் பூச்சு ஒரு பக்கம் மட்டும் உரிந்து கோடு விழுந்திருந்தால், அந்த இடைவெளி வழியாகக் காற்று எப்போதும் கசியும். ஒரு நாள் செட் செய்த ஐடிலிங் மறுநாள் இருக்காது. நீடில் உரசி உரசி, அது நுழையும் ஜெட்டின் வாய் முட்டை வடிவமாகியிருந்தாலும் பாதி ஆக்சிலரேட்டரில் பெட்ரோலைக் கொட்டும். இவை இரண்டுக்கும் டியூனிங்கில் தீர்வு கிடையாது. ஊசி வால்வு, பேக்கிங், ஓ-ரிங் வரைக்கும் ரிப்பேர் கிட் போதும். ஸ்லைடும் உடலும் தேய்ந்தபின் முழு கார்புரேட்டரையே மாற்றுவதுதான் மலிவு. பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், மெயின் ஜெட், பைலட் ஜெட் எண்கள் இரண்டையும் கடையிலேயே புதியதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். வெளியில் ஒரே மாதிரி இருக்கும் கார்புரேட்டர்கள் உள்ளே வேறு வேறு ஜெட்டோடு வருவது உண்டு.